அறையில் விட்டுப்போன சாமான்கள்

எங்கள் மருத்துவ நிலையத்தில் கடைசி டாக்டரும் எழுந்து போன பிறகு அவர் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு புறப்படுவார். மொத்தம் ஆறு அறைகள். ஒன்றாம் இலக்கத்தில் தொடங்கி ஆறாம் இலக்கத்தில் முடிப்பார். ஒரு நாளும் மாற்றிப் போனதில்லை. கதிரைகளின் கீழே குனிந்து பார்ப்பார். நோயாளி படுக்கும் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துப் பார்ப்பார். கை கழுவும் தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் வெளியே வரும்போது பையில் குறைந்தது இரண்டு சாமான்களாவது இருக்கும். மழை விட்ட நாட்களில் குடைகள். மழை விடாத நாட்களில் மூக்குக்கண்ணாடிகள்.

அவருடைய உத்தியோகம் அதுவல்ல. வரவேற்பு மேசையில் இருந்து, டாக்டரைப் பார்க்க வருபவர்களுக்கு இலக்கம் கொடுப்பதுதான் அவருடைய வேலை. நான் பதிவேட்டுப் பகுதியில் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். அவருடைய மேசைக்கும் என்னுடைய மேசைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டுமே. பதினான்கு வருடங்கள் அந்தக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் எல்லோரும் அவரை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டோம். டாக்டர்களும் அப்படித்தான். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே ஒரு கணம் பிடிபடாது.

கண்டெடுத்த சாமான்களில், தன் கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும், காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுவார். அதில் நாள், நேரம், எந்த அறை, அறையில் எந்த இடம் எல்லாம் பேனையால் எழுதியிருக்கும். சிறியவை ஒரு நீல நிற பிஸ்கட் தகரத்துக்குள் போகும். பெரியவை அலுமாரியின் கீழ்த்தட்டில். பிறகு தடித்த மட்டை போட்ட கொப்பியில் ஒரு பதிவு. சாமானைத் தேடி வருபவர் அந்தக் கொப்பியில் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் ஒரு கைக்குட்டையைக்கூட அவரிடமிருந்து வாங்க முடியாது.

“பத்திரமா வச்சிருக்கேன்” என்பதுதான் அவர் அதிகம் சொன்ன வாக்கியம். யாராவது கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்து தயங்கி நின்றாலே போதும். என்ன சாமான் என்று கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவார்.

ஒருமுறை வத்தேகமவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். மிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தார், தகரத்தைத் திறந்தார்.

“நாலாம் நம்பர் ரூம். சித்திரை மாசத்து வெள்ளிக்கிழமை. மேல்வரிசைப் பல்லு மட்டும். சரிதானே ஐயா?”

பெரியவர் தலையசைத்தார். “மூணு மாசமா கஞ்சிதாம்மா.”

“மூணு மாசமா? வந்து கேட்டிருக்கலாமே?”

“வெக்கமா இருந்துச்சு.”

“சாமானை விட்டுட்டுப் போறதுல என்னாங்க வெக்கம்? இங்க வர்ற எல்லாரும் எதையாச்சும் விட்டுட்டுத்தான் போறாங்க. கொதிதண்ணில கழுவி வச்சிருக்கேன். இந்தாங்க, ஒரு கையெழுத்துப் போடுங்க.”

மருந்தகத்தில் வேலை செய்த யோகன் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாவற்றையும் பகிடியாக்குபவர். “மிஸ், அந்தாளின்ர பல்லைப் பிளாஸ்டர் ஒட்டின பல்லாக் குடுத்திட்டீங்களே” என்று ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார். மிஸ்ஸும் சிரித்தார். அந்த நாட்களில் அவரைக் கேலி செய்தால் அவருக்குப் பிடிக்கும்.

இன்னொருமுறை கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த சகோதரர் இருவர் தங்கள் தாயாரின் பழைய எக்ஸ்ரே உறையை விட்டுப்போய்விட்டார்கள். மூன்றாம் நாள் இளையவர் மட்டும் வந்தார். மிஸ் உறையைத் திருப்பிக் காட்டினார். அதில் இரண்டு பேருடைய தொலைபேசி இலக்கங்களும் எழுதியிருந்தன.

“ரெண்டு பேருக்குச் சொந்தமான சாமானை ஒருத்தர் கையில குடுக்க ஏலாதுங்க. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.”

“அவரோட நாங்க பேசுறதில்ல.”

“பேச வேணாம். கையெழுத்துப் போட்டாப் போதும்.”

யோகன் மருந்தகத்திலிருந்து எட்டிப் பார்த்து, “மிஸ், அது எக்ஸ்ரே. காணி உறுதிப் பத்திரம் இல்ல” என்றார். மிஸ் அசையவில்லை. மறுநாள் இருவரும் வந்தார்கள். மேசையின் இரு முனைகளிலும் நின்று கையெழுத்துப் போட்டார்கள். திரும்பும்போது ஒரே த்ரீவீலரில் ஏறிப் போனார்கள். வேறு முச்சக்கர வண்டி எதுவும் கிடைக்காத மழைநாள் அது என்பதையும் நான் டயறியில் குறித்திருக்கிறேன்.

அன்று அவரிடம் கேட்டேன், இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று. பிளாஸ்டர் சுருளின் முனையை நகத்தால் தேடிக்கொண்டே சொன்னார்:

“எங்கப்பா தெல்தோட்டைப் பக்கம் தோட்டத்துல வேலை செஞ்சாரு. பிரஜாவுரிமைக்கு எழுதிக் குடுத்ததுக்கு ஒரு துண்டுக் கடுதாசி தந்திருந்தாங்க. அரசாங்கக் கந்தோர்ல எங்கயோ விட்டுட்டு வந்துட்டாரு. திரும்பிப் போய்க் கேட்டா, யாரும் காணலன்னுட்டாங்க. அதோட அக்கா அவ புருசன் வீட்டாரோட இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டா. நான் இங்க நின்னுட்டேன்.” முனை அகப்பட்டது. “யாராச்சும் எடுத்து வச்சிருக்கலாம். சின்னத் துண்டுதான்.”

ஒரு துண்டு வெட்டி, அதில் அன்றைய நாளை எழுதத் தொடங்கினார்.

அவர் ஓய்வுபெறும் மாதத்தில் நாங்கள் நுவரெலியாவுக்கு ஒரு நாள் பயணம் போவதாக இருந்தோம். பாதையில் மண் சரிந்து இரண்டு முறை தள்ளிப்போனது. பிரியாவிடைக்கு வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்று தேடியபோது, பேராதனை வீதியில் புதிதாக ஒரு எஸ்கேப் ரூம் திறந்திருப்பதாக ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கும் ரிஸானா சொன்னார். ஓர் அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே ஒளித்து வைத்திருக்கும் சாவிகளையும் குறிப்புகளையும் கண்டுபிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் கதவைத் திறந்து வெளியே வர வேண்டும். அதுதான் விளையாட்டு. ஒரு நாளைக்காவது மிஸ் எதையும் பொறுப்பேற்காமல் எங்களோடு விளையாடட்டும் என்று நான் நினைத்தேன். ஏற்பாடு முழுவதும் என்னுடையது. ஐந்து பெயர்கள் கொண்ட பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் விளையாட்டை விளக்கி, பெயருக்கு எதிரே ஒரு சரி போட்டேன். ஐந்தாவது ஆள் தாதி நிமாலி. அவருக்குச் சிங்களத்தில் விளக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே இருந்தோம். கீழே டயர் கடை, மேலே மூன்றாம் மாடி. விளம்பரத் தாளில் கோட்டை போன்ற வாசலும் தீப்பந்தங்களும் இருந்தன. நேரில் புதுப் பெயின்ட் மணமும் வேலை செய்யாத ஒரு ஏசியும் இருந்தன. கறுப்பு டீசேர்ட் போட்ட பெண் ஒருவர் எங்களை வரவேற்றார். ஐந்து அறைகள் என்று விளம்பரம் சொன்னாலும் தற்போதைக்கு ஒன்றுதான் தயார் என்றார். அந்த அறையின் பெயர் ‘காணாமற்போன டாக்டர்’.

யோகன் என் காதருகே வந்து, “ஒரு கிழமையில ஆறு நாள் டாக்டர்ர அறைக்குள்ள நிக்கிறம். ஏழாம் நாளும் அங்கயே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்” என்றார்.

நாங்கள் நுழையும்போது முந்தைய குழுவினர் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்தப் பெண் அறைக்குள் போய் எல்லாவற்றையும் மறுபடி ஒழுங்குசெய்துவிட்டு, விதிகளைச் சிங்களத்தில் மிக வேகமாக ஒப்பித்தார். கமரா இரண்டு நாட்களாக வேலை செய்யவில்லை என்றும், உதவி தேவைப்பட்டால் சுவரிலுள்ள ஒலிபெருக்கி வழியாகக் கேட்கலாம் என்றும், மூன்று முறை மட்டுமே குறிப்புத் தருவார் என்றும் சொன்னார். கதவு பூட்டப்பட்டது. சுவரில் சிவப்பு இலக்கங்கள் அறுபதிலிருந்து இறங்கத் தொடங்கின.

மேசை, கதிரை, கட்டில், எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப்பெட்டி, ஆணியில் தொங்கும் வெள்ளைக் கோட்டு. எங்கள் மூன்றாம் இலக்க அறையை விடச் சற்றுச் சிறியது.

“பரசிற்றமோல் எண்டு எழுதிப்போட்டு உள்ளுக்குச் சீனி முட்டாய் போட்டு வச்சிருக்கினம்” என்று யோகன் போத்தல்களை ஆராய்ந்தார்.

“முட்டாயத் திண்டுராதீங்க. அதுலயும் க்ளூ ஈக்கும்” என்றார் ரிஸானா.

நான் மேசையில் இருந்த பெட்டியின் நாலிலக்கப் பூட்டைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சோதித்து, முயன்ற எண்களைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். மிஸ் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதிரைகளின் கீழே குனிந்தார். கட்டிலை ஒரு சாண் இழுத்தார். பின்பு நோயாளியின் கதிரையில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“எவ்வளவு சாமானை விட்டுட்டுப் போயிருக்காங்க, பாருங்க தம்பி” என்றார்.

“ஆமா மிஸ்” என்றேன் நான். நூற்றுப் பதினேழாவது எண்ணில் நின்றிருந்தேன்.

இருபத்தைந்து நிமிடங்களில் எங்களிடம் ஒன்றும் இல்லை. ஒரு சாவி இல்லை, ஒரு துண்டுக் காகிதம் இல்லை. முதல் குறிப்பைக் கேட்டோம். மேசையின் கீழே பாருங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. யோகன் மல்லாந்து படுத்து மேசைக்குள் நுழைந்தார்.

“சுவிங்கம் ஒண்டு ஒட்டிக் கிடக்கு. அதுதான் குறிப்போ?”

“மேசைக்குக் கீழ நான் பாத்துட்டேங்க. மிச்சம் ஒண்ணும் இல்ல” என்றார் மிஸ்.

இரண்டாவது குறிப்பு, கோட்டின் பையைப் பாருங்கள் என்றது. பை காலி. மூன்றாவது, விளக்குப்பெட்டியின் பின்னால். அங்கே தூசு மட்டும். நிமாலி “அனே, நம்மல ஏமாத்துறாங்க” என்று தன் தமிழில் சொன்னார். வியர்வையில் ரிஸானாவின் ஸ்கார்ஃப் நனைந்திருந்தது. கடைசிப் பத்து நிமிடம் யாரும் எதையும் தேடவில்லை. கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து சிவப்பு இலக்கங்கள் பூச்சியத்துக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், டாக்டர் வரத் தாமதமாகிக் காத்திருக்கும் நோயாளிகளைப் போல.

கதவைத் திறந்து வந்த பெண் பெட்டிகள் பூட்டியபடியே இருப்பதைப் பார்த்தார். மேசையின் கீழே கைவிட்டுத் தேடினார். முகம் மாறியது. சாமான்களைக் காணவில்லை, கோபிக்க வேண்டாம், எல்லோரும் பைகளைத் திறந்து காட்ட முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

யோகனுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்களைக் கள்ளர் எண்டு நினைச்சிட்டாவோ?” என்று எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் வெடித்தார்.

“காட்டினா என்னாங்க? நம்மகிட்ட ஒண்ணும் இல்லையே” என்று மிஸ்தான் முதலில் தன் கைப்பையின் சிப்பை இழுத்தார். “இந்தாங்க மகள், எனக்கு முன்னாடி வந்தவங்க விட்டுட்டுப் போனதையும் உங்ககிட்டயே குடுத்துடுறேன். பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்.”

ஒரு சிறிய சாவி. ஒரு காந்தம். கிழித்த மருந்துச் சீட்டின் இரண்டு பாதிகள். நீல ஒளி தரும் ஒரு குட்டி டோர்ச். எண்கள் எழுதிய இரண்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி எழுதியிருந்தது: ‘3.12 மேசைக்குக் கீழ்.’ ‘3.15 கோட்டுப் பை.’ ‘3.19 எக்ஸ்ரே பெட்டிக்குப் பின்.’

முதலில் சிரித்தது யோகன். பிறகு எல்லோரும். நானும் சிரித்தேன். ரிஸானா கட்டிலில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்கூடச் சிரித்தார். சாமான்களை எண்ணி, பிளாஸ்டர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, ஏதோ வியப்போடு சொன்னார். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் அது மற்றவர்கள் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

மிஸ் சிரிக்கவில்லை. சாவியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். விளையாட்டு இன்னதென்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கைப்பையை மூட முயன்றார். சிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

வெளியே வரும்போது தோற்றவர்களுக்கும் படம் எடுப்பார்கள் என்றார் அந்தப் பெண். ‘தப்ப முடியவில்லை’ என்ற பொருள்பட எழுதிய ஒரு பலகையை யோகன் பிடிக்க, ஐந்து பேரும் நின்றோம். படம் அங்கேயே அச்சாகி வந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. மேசையிலேயே கிடந்தது.

வாவியோரம் நடந்தோம். தூறலாக இருந்தது. மற்ற மூவரும் முன்னால் போய் இன்னும் அதையே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் என் குடைக்குள் வந்தார்.

“நான் களவெடுக்கல தம்பி.”

“அது எல்லாருக்கும் தெரியும் மிஸ்.”

“அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?”

எனக்கு அப்போதே ஒன்று நினைவுக்கு வந்திருந்தது. வியாழக்கிழமை தேநீர் நேரத்தில் நான் விளையாட்டை விளக்கியபோது மிஸ் அங்கே இருக்கவில்லை. இரண்டாம் இலக்க அறையில் விட்டுப்போன ஒரு குழந்தைத் தொப்பியைக் கொடுப்பதற்காக ஒரு தாயைத் தேடிப் படியிறங்கிப் போயிருந்தார். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து அவருடைய பெயருக்கு எதிரேயும் சரி போட்டுவிட்டேன். பிறகு சொல்லவில்லை. அதைக் குடைக்குள் வைத்துச் சொல்லியிருக்கலாம். குடையை அவர் பக்கம் சாய்த்துக்கொண்டு நடந்தேன்.

திங்கட்கிழமை அந்தக் கதை நிலையம் முழுவதும் பரவிவிட்டது. டாக்டர்கள்கூட ஸ்டெதஸ்கோப்பை மேசையில் வைத்துவிட்டு, “மிஸ், இதை எடுத்துறாதீங்க” என்றார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. மிஸ் ஒவ்வொருவருக்கும் புன்னகைத்தார். அன்று மாலை கடைசி டாக்டர் போன பிறகு துணிப்பை ஆணியிலேயே தொங்கியது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஐந்தாம் இலக்க அறையில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடப்பதைச் சுத்தம் செய்பவர் வந்து சொன்னார். “யாரோடதோ, இருக்கட்டும். நம்ம எதுக்குத் தொடணும்?” என்றார் மிஸ்.

எங்கள் நான்கு பேரின் சிரிப்பும் அன்றோடு நின்றுபோனது. யோகன் மறுபடி அந்தக் கதையைச் சொல்லவில்லை. என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் ரிஸானா ஒரு நாள் என் மேசைக்கு வந்து, “நாங்க அவவ நோவிச்சிட்டோம், இல்லையா நானா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனார்.

பன்னிரண்டு நாட்கள் அந்தப் பை ஆணியில் இருந்தது. பதின்மூன்றாம் நாள் அவருடைய கடைசி நாள். தேநீரும் கேக்கும் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, என் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பட்டியலை அவர் முன் வைத்தேன்.

“இதுல உங்க பேருக்குப் போட்ட சரி பொய் மிஸ். உங்களுக்கு நான் விளையாட்டைச் சொல்லவே இல்ல. பிழை என்னோடது.”

கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பட்டியலை நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி கொப்பியில பொய்யா?”

“ஒண்ணுதான்.”

“ஒண்ணுன்னு எப்படி நம்புறது?” உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னொண்ணும் இருக்கு மிஸ். அந்தப் பிள்ளை அன்னைக்கு ஒண்ணு சொல்லிச்சு. ஏழு சாமானையும் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சவங்க இதுவரைக்கும் யாரும் இல்லையாம். பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் வந்து, பாதியைக்கூடக் காணாமப் போறாங்களாம்.”

“நெசமாவா?”

“டயறியில எழுதியிருக்கேன்.”

“டயறியிலயா? அப்ப யோசிக்கத்தான் வேணும்” என்றார். என் குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தார். ஆணியிலிருந்து பையை எடுத்தார். ஒன்றாம் இலக்க அறையில் விளக்குப் போடும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு, மூன்று. பத்து நிமிடத்தில் அல்ல, இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். பையில் இரண்டு குடைகளும் ஐந்தாம் இலக்கத்து மூக்குக்கண்ணாடியும் இருந்தன. பிளாஸ்டர் ஒட்டி, கொப்பியில் எழுதி, தகரத்தையும் கொப்பியையும் என் பக்கம் தள்ளினார்.

“பாத்துக்கங்க தம்பி.”

அடுத்த வாரமே அவர் தமிழ்நாட்டில் கூடலூரில் இருக்கும் அக்காவிடம் போனார். ‘பத்திரமா வந்து சேந்தேன்’ என்று ஒரு செய்தி அனுப்பினார். அந்தத் தொலைபேசி இலக்கம் பிறகு வேலை செய்யவில்லை.

அவர் புறப்பட்ட வாரத்திலேயே தகரத்தையும் அலுமாரியின் கீழ்த்தட்டையும் காலிசெய்து கொப்பியோடு ஒப்பிட்டேன். எந்தப் பொறுப்பை ஏற்றாலும் நான் முதலில் செய்வது அதுதான். முப்பத்தொரு சாமான்கள், கையெழுத்து விழாத முப்பத்தொரு பதிவுகள். முப்பத்தோராவது, தகரத்தின் அடியில் கிடந்த ஒரு புகைப்படம். யோகன் பலகையைப் பிடித்திருக்கிறார். ரிஸானாவின் கண்கள் சிரிப்பில் மூடியிருக்கின்றன. நிமாலி வேறெங்கோ பார்க்கிறார். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஓரத்தில் மிஸ், பாதி மூடிய கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி. படத்தின் பின்னால் பிளாஸ்டர்: ‘ஞாயிறு 4.20. விளையாட்டுக் கடை மேசை. எல்லாரும் விட்டுட்டுப் போனது.’

வாவியோரத் தூறலில் என் குடைக்குள் நடந்தபோதே அது அவருடைய பைக்குள் இருந்திருக்கிறது.

கொப்பியில் ‘சொந்தக்காரர்’ என்ற இடத்தில் ஐந்து பேர் என்று எழுதி, எதிரே ஐந்து கோடுகளும் இழுத்திருந்தார். நான் முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். அன்றே யோகனைக் கூப்பிட்டேன். கொப்பியைப் பார்த்துவிட்டு அவர் பகிடி ஒன்றும் விடவில்லை. பேனையை மட்டும் கேட்டார். பிறகு ரிஸானா, பிறகு நிமாலி.

ஆறு வருடங்கள் ஆகின்றன. யோகன் மாற்றலாகி ஊருக்குப் போய்விட்டார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தப் படத்தைத் தனக்குத் தரும்படி கேட்பார். கொப்பியைத் திறந்து, இன்னும் காலியாக இருக்கும் ஐந்தாவது கோட்டைக் காட்டுவேன். படம் தகரத்திலேயே இருக்கிறது. ஐந்து பேருக்குச் சொந்தமான சாமானை ஒருவர் கையில் கொடுக்க ஏலாது.